பாலே யாருடைய கலை, எவ்வளவு பழைய கலை?

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பாலே பிரெஞ்சுக்காரர்களுடையதா, ரஷ்யர்களுடையதா? நானூறு ஆண்டுகளாக மாறாமல் வரும் கலை என்கிறார்களே, அது உண்மையா? புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்? மூன்றையும் சேர்த்துப் படித்தால் அடியில் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான் என்று படுகிறது. இன்று மேடையில் ‘கிளாசிக்’ என்று காட்டப்படுவது உண்மையில் எவ்வளவு பழையது? அதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன். மற்ற இரண்டும் வழியில் வந்து சேர்ந்துகொள்ளும்.

நான் நடனக்காரர் இல்லை. லண்டனில் பாலே வகுப்புகளுக்கும் ஒத்திகைகளுக்கும் பியானோ வாசிப்பது என் தொழில். ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டே பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அந்த ஆர்வத்தில் இதன் வரலாற்றையும் தொடர்ந்து படித்து வருகிறேன். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதில் ஆடுகிறவர்கள் சொல்வதே கடைசி வார்த்தை. வரலாற்றைப் பற்றி எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பாலே நாடகங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. எஞ்சியவை அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டன. அறுபடாமல் வந்திருப்பது காலை வகுப்பு.

அந்த வகுப்பை ஒருமுறை பார்த்தால் நான் சொல்வது புரியும். சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி எழும் ப்ளியே முதலில். அதற்கு நிதானமான மூன்று தட்டு வாசிப்பேன். அடுத்து பாதத்தைத் தரையோடு உரசி நீட்டும் தாந்த்யூ, கால்நுனியால் அரைவட்டம் போடும் ரோன் த ஜாம்ப், முழங்காலுக்குக் கீழே வெடுக்கென்று உதறும் ஃப்ராப்பே, கடைசியில் முழுக்காலையும் வீசி உயர்த்தும் கிரான் பத்மான். ஃப்ராப்பேக்கு போல்கா, கிரான் பத்மானுக்கு அணிவகுப்பு இசை. பிறகு கம்பியை விட்டு நடுவே வந்து மெதுவான அசைவுகள், சுழற்சிகள், சின்னக் குதிப்பு, பெரிய குதிப்பு. முடிவில் ஆசிரியருக்கும் பியானோ வாசிப்பவருக்கும் வணக்கம். பத்து வயதுக் குழந்தைக்கும் பெரிய குழுவின் முதன்மை நடனக்காரருக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஹவானாவிலும் டோக்கியோவிலும் மாஸ்கோவிலும் இதே பிரெஞ்சுப் பெயர்கள்தான். பியானோ வருவதற்கு முன் ஆசிரியரே சின்ன வயலின் ஒன்றை வாசித்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார். பிரெஞ்சு ஓவியர் தேகாவின் ஓவியங்களில் ஒத்திகைக் கூடத்தின் ஓரமாக வயலினோடு உட்கார்ந்திருக்கும் முதியவரைப் பார்த்திருப்பீர்கள். என் தொழிலின் முன்னோர் அவர்.

இனி தொடக்கத்துக்கு வருகிறேன். கேத்தரின் த மெடிசி என்ற இத்தாலிய இளவரசி 1533-ல் பிரெஞ்சு இளவரசரை மணந்துகொண்டு போனபோது பாலேயையும் கையோடு எடுத்துப்போனார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது மிகவும் சுருக்கப்பட்ட கதை. 15-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அரசவைகளில் நடன ஆசிரியர்கள் இருந்தார்கள். தொமெனிக்கோ த பியாசென்சா என்பவரின் நடன நூல் இன்றும் இருக்கிறது. இத்தாலியர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் இடையே போக்குவரத்து முன்பே உண்டு. உறுதியாகச் சொல்லக்கூடியது 1581 அக்டோபர் 15 அன்று பாரிஸில் ஓர் அரச குடும்பத் திருமணத்துக்காக நடந்த நிகழ்ச்சி. பெத்தி பூர்போன் மாளிகைக் கூடத்தில், பிரெஞ்சில் போஷ்வாய்யோ என்று பெயரை மாற்றிக்கொண்ட ஓர் இத்தாலியர் அமைத்தது. கவிதை, பாட்டு, நடனம், ஓடும் அலங்கார வண்டிகள் எல்லாம் ஒரே கதைக்குள். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியற்காலை மூன்று மணி தாண்டியும் ஓடியது. ஆடியவர்கள் ராணியும் பிரபு குலப் பெண்களும். பார்வையாளர்கள் பலர் சுற்றியிருந்த மேல்மாடங்களிலிருந்து பார்த்தார்கள். அதனால் ஆடுகிறவர்கள் தரையில் போட்ட வட்டங்களும் முக்கோணங்களும்தான் நடனத்தின் அழகு. குதிப்போ சுழற்சியோ அங்கே பெரிதாக இல்லை. இன்று நாம் பாலே என்று நினைக்கிற எதையும் அந்த இரவில் காட்ட முடியாது.

பதினான்காம் லூயியிடம் வந்தால் நிலம் உறுதியாகிறது. 1653-ல், பதினான்கு வயதில், இரவைப் பற்றிய ஒரு பெரிய அரசவை பாலேயின் முடிவில் அவர் உதிக்கும் சூரியனாகப் பொன்னுடையில் தோன்றினார். பிரபுக்களின் கிளர்ச்சி அப்போதுதான் அடங்கிக்கொண்டிருந்தது. யார் சூரியன், யார் அதைச் சுற்றி வருபவர்கள் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. 1661-ல் பதின்மூன்று நடன ஆசிரியர்களைக் கொண்ட அரச நடனக் கழகத்தை அவர் நிறுவினார். கால்களின் ஐந்து அடிப்படை நிலைகளை வகுத்த பெருமை அவருடைய ஆசிரியர் பியர் போஷாமுக்குத் தரப்படுகிறது. 1700-ல் ஃபையே என்பவர் நடனத்தைக் குறியீடுகளாக எழுதும் முறையை அச்சிட்டார். அதில் இந்த ஐந்து நிலைகளும் தெளிவாக இருக்கின்றன. மன்னர் ஆடியதால் ஆண்களுக்கான கலையாகவே இது வளர்ந்தது. பெண்களின் பாவாடை தரையைத் தொட்டது, ஆண்களின் கால் வெளியே தெரிந்தது. காலைப் புறம்நோக்கித் திருப்பி நிற்கும் பழக்கமும் அப்போதையதுதான். வாள்பயிற்சியிலிருந்து வந்தது என்பார்கள். பக்கவாட்டில் நகரும்போதும் முகத்தை மன்னர் பக்கமே வைத்திருக்க வசதி என்றும் சொல்வார்கள். இரண்டையும் நிரூபிக்க முடியாது. அந்தக் காலத் திருப்பம் இன்றைய 180 பாகையை விட மிகக் குறைவு என்பதை மட்டும் படங்களில் கண்ணால் பார்க்கலாம்.

பாரிஸ் ஓபராவின் மேடையில் தொழில்முறைப் பெண்கள் ஆடத் தொடங்கியது 1681-ல்தான். அதுவரை பெண் வேடங்களையும் அங்கே முகமூடி அணிந்த ஆண்களே ஆடினார்கள். அடுத்த நூற்றாண்டில் மரி கமார்கோ தன் வேகமான கால்வேலை தெரிய வேண்டும் என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினார். மரி சாலே 1734-ல் லண்டனில் கனத்த உடையையும் ஒப்பனை முடியையும் விட்டுவிட்டு மெல்லிய மஸ்லின் அணிந்து, தலையை விரித்துக்கொண்டு ஆடினார். பிறகு நடன அமைப்பாளர் நோவேர். 1760-ல் வெளிவந்த அவருடைய கடிதங்கள் முகமூடியைக் கழற்றச் சொல்லின, நடனமே கதை சொல்ல வேண்டும் என்றன. ஏப்ரல் 29-ஐ உலக நடன நாளாகக் கொண்டாடுகிறோமே, அது அவர் பிறந்த நாள். அவ்வளவு பெரிய மனிதருடைய பாலேகளில் ஒன்றுகூட அசைவு அசைவாக நமக்குக் கிடைக்கவில்லை. கருத்து எஞ்சியது, ஆட்டம் போய்விட்டது. பாலே வரலாறு நெடுக இந்த இழப்பைப் பார்ப்பீர்கள்.

கால்விரல் நுனியில் நிற்கும் பெண் எப்போது வந்தார் என்பது அடுத்தது. மரி தக்லியோனிதான் முதலில் நின்றார் என்பது தவறு. அவருக்கு முன்பே ஜெனவியேவ் கோஸ்லன், அமாலியா புருன்யோலி போன்றவர்கள் நின்றதற்குச் சான்று உண்டு. அவர்களிடம் அது ஒரு சாகசம். தக்லியோனி 1832 மார்ச் 12 அன்று பாரிஸில் லா சில்ஃபீட் என்ற பாலேயை ஆடியபோது அதற்கு அர்த்தம் கிடைத்தது: தரையில் நிற்க மனமில்லாத ஒரு காற்றுத் தேவதை. ஓபராவில் எரிவாயு விளக்கு வந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது. மங்கிய நிலவொளியும் வெள்ளைத் துணியும் அந்த மேடையில் புதிது. அந்த லேசுத்தன்மை சும்மா வந்துவிடவில்லை. 1822-ல் வியன்னாவில் அரங்கேறுவதற்கு முன் அவருடைய தந்தை ஃபிலிப்போ அவரை மாதக்கணக்கில், நாளுக்குப் பல மணி நேரம், ஒவ்வொரு நிலையிலும் நூறு எண்ணும் வரை அசையாமல் நிற்க வைத்துப் பயிற்றினார்.

அவர் அணிந்த காலணி வெறும் மெல்லிய சாட்டின். நுனியிலும் ஓரத்திலும் ஊசிநூலால் நெருக்கமாகத் தைத்து உறுதிப்படுத்தியது, அவ்வளவே. நுனி தட்டையாக, கெட்டியாக இருக்கும் பாயிண்ட் ஷூ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் உருவானது. துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிய நுனி, பாதத்தின் அடியில் விறைப்பான ஒரு பட்டை. புது ஜோடி வந்ததும் நடனக்காரர்கள் அதைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குவார்கள், கல் படியில் ஓங்கி அடிப்பார்கள், அடிப்பட்டையை வளைத்து ஒடிப்பார்கள், நாடாவைத் தாங்களே தைப்பார்கள். பதப்படுத்தாத புது ஷூவின் சத்தம் என் பியானோவையே மீறும். முதன்மை வேடத்தில் ஆடுபவருக்கு ஒரே இரவில் ஒரு ஜோடி நைந்துபோவது சாதாரணம். தக்லியோனியின் காலணியை பீட்டர்ஸ்பர்க் ரசிகர்கள் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்ற கதையை நீங்களும் படித்திருக்கலாம். அதை யாரும் உறுதிப்படுத்தியதில்லை, நம்ப வேண்டாம்.

அந்த வெள்ளைத் துணிக்குக் கொடுத்த விலை கதை அல்ல. 1862 நவம்பரில் எம்மா லிவ்ரி என்ற இளம்பெண்ணின் பாவாடையில் ஒத்திகையின்போது விளக்குத் தீ பற்றியது. தீப்பிடிக்காமல் பதப்படுத்திய துணி அப்போதே இருந்தது. அது விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கிறது என்று அவர் மறுத்திருந்தார். எட்டு மாதம் துடித்து, இருபது வயதில் இறந்தார். தக்லியோனி நேரில் பயிற்றுவித்த மாணவி அவர். எரிந்து எஞ்சிய உடையின் துணுக்குகளை பாரிஸ் ஓபராவின் காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அதற்குள் பாரிஸில் பாலே சரியத் தொடங்கியிருந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த பயிற்சிக் கூடத்துக்குள் பணக்காரச் சந்தாதாரர்களை விட்டார்கள். வறுமையில் வந்த பெண்கள் அவர்களுடைய தயவில் வாழ வேண்டியிருந்தது. ஆண் ஆடுவதை யாரும் பார்க்க விரும்பவில்லை. 1870-ல் கொப்பேலியா என்ற பாலே அரங்கேறியபோது கதாநாயகன் ஃப்ரான்ஸாக ஆடியவர் ஒரு பெண். மன்னர் ஆடிய கலை இருநூறு ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் இது. அதே காலத்தில் கோபன்ஹேகனில் ஒகுஸ்த் புர்னன்வில் ஆண்களின் துள்ளலையும் கௌரவத்தையும் காப்பாற்றி வந்தார். தக்லியோனியின் லா சில்ஃபீடுக்கு வேறு இசை எழுதவைத்து 1836-ல் அவர் அமைத்த வடிவம் இன்று வரை டென்மார்க்கில் ஆடப்படுகிறது. பாரிஸ் மூலம் தொலைந்துபோயிற்று. அதனால் இன்று உலகம் பார்க்கும் லா சில்ஃபீட் பெரும்பாலும் டேனிஷ் வடிவம்.

ஜிசெல் என்ற பாலே இன்னும் தெளிவான உதாரணம். 1841-ல் பாரிஸில் பிறந்து, 1868-க்குப் பிறகு அங்கே கைவிடப்பட்டது. ரஷ்யாவில் தொடர்ந்து ஆடினார்கள். ஆடும்போதே நடன அமைப்பாளர் மரியுஸ் பெதிபா அதைத் திருத்திக்கொண்டே போனார். 1910-ல் தியாகிலெவ் என்ற கலை அமைப்பாளரின் ரஷ்யக் குழு கொண்டுவந்த பிறகுதான் பாரிஸ் தன் சொந்த நாடகத்தை மீண்டும் கண்டது. பிரெஞ்சா ரஷ்யாவா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை.

ரஷ்யாவில் அது பிழைத்ததற்குக் காரணம் ஒரு பள்ளி. 1738-ல் ழான் பாப்திஸ்த் லாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் பீட்டர்ஸ்பர்க்கில் அரண்மனை ஊழியர்களின் பிள்ளைகளை வைத்துத் தொடங்கியது. பன்னிரண்டு சிறுவர்கள், பன்னிரண்டு சிறுமிகள். சாப்பாடு, படிப்பு, சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் அரசுச் செலவு. பிரபுக்களின் பிடி அங்கேயும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நாளை சீட்டு விற்குமா என்ற கவலை இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்க முடிந்தது. அங்கே வந்து சேர்ந்த ஆசிரியர்களைப் பாருங்கள். பாரிஸில் ஒகுஸ்த் வெஸ்த்ரிஸிடம் படித்தவர் புர்னன்வில். புர்னன்வில்லிடம் படித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த கிறிஸ்தியான் யோஹான்சன். அவர் பீட்டர்ஸ்பர்க்கில் பல பத்தாண்டுகள் கற்பித்தார். வெஸ்த்ரிஸிடமே பயின்ற பெதிபா மார்செய்யில் பிறந்து 1847-ல் பீட்டர்ஸ்பர்க் போனார். இத்தாலிய வேகத்தையும் சுழற்சியையும் கொண்டுவந்தவர் என்ரிக்கோ செக்கெத்தி; புகழ்பெற்ற நடனக்காரர்களான நிஜின்ஸ்கியும் அன்னா பாவ்லோவாவும் அவரிடம் பயின்றவர்கள். பிரெஞ்சு நளினம், டேனிஷ் துள்ளல், இத்தாலிய வலு மூன்றும் ஒரே வகுப்பில் கலந்தன. அக்ரிப்பினா வகானோவா அந்தக் கலவையை 1934-ல் பாடநூலாக எழுதினார். இந்த உரிமைவழி பெயர் பெயராக, ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு என்று தொடர்ந்து வருவதால்தான் வகுப்பின் பழமையை நான் நம்புகிறேன்.

நாடகங்களுக்கு அந்த நம்பிக்கையைத் தர முடியாது. எல்லோரும் அறிந்த ஸ்வான் லேக்கையே எடுத்துக்கொள்வோம். 1877-ல் மாஸ்கோவில் யூலியுஸ் ரைசிங்கர் அமைத்தது முதல் வடிவம். அதன் ஓர் அசைவும் இன்றில்லை. சைக்கோவ்ஸ்கி 1893-ல் இறந்தார். நாம் அறிந்த வடிவம் 1895-ல் பீட்டர்ஸ்பர்க்கில் வந்தது. கதையைத் திருத்தினார்கள், இசையை ரிக்கார்தோ திரிகோ வெட்டியும் சேர்த்தும் மாற்றினார், ஏரிக்கரைக் காட்சிகளை லெவ் இவானோவும் மற்றவற்றைப் பெதிபாவும் அமைத்தார்கள். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை வீசிச் சுழலும் முப்பத்திரண்டு ஃபுவெத்தே சுழற்சிகள் கதையின் தேவைக்காக வந்தவை அல்ல. இத்தாலியிலிருந்து வந்த பியெரினா லென்யானியால் அதைச் செய்ய முடிந்தது, சிண்ட்ரெல்லாவில் முன்பே செய்து கைதட்டல் வாங்கியிருந்தார், அதனால் சேர்த்தார்கள். இளவரசராக ஆடிய பாவெல் கெர்ட்டுக்கு அப்போது ஐம்பது வயது. அதனால் காதல் நடனத்திலேயே பென்னோ என்ற நண்பரும் நின்று கதாநாயகியைத் தாங்கிப் பிடித்தார். இன்று அவரைக் காணோம். கதாநாயகியைப் போலத் தோன்றி இளவரசரை ஏமாற்றும் தீய ஒடீலுக்குக் கறுப்பு உடை பிற்கால வழக்கம். காதலர் இறப்பதா, வெல்வதா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். சோவியத் வடிவங்கள் வெற்றியில் முடிப்பதையே விரும்பின.

பழையதை மீட்க ஒரு வழி இருக்கிறது. விளதீமிர் ஸ்டெபனோவ் என்ற இளைஞர் 1890-களில் அசைவுகளை இசைக்குறிப்பு போலவே கோடுகளில் எழுதும் முறையைக் கண்டுபிடித்தார். அதில் பீட்டர்ஸ்பர்க் பாலேகள் பலவற்றைக் குறித்து வைத்தார்கள். புரட்சிக்குப் பிறகு நிக்கொலாய் செர்கேயெவ் அந்தக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே வந்தார். 1930-களில் லண்டனில் நினெட் த வலுவாவின் சின்னக் குழு ஜிசெலையும் ஸ்வான் லேக்கையும் தூங்கும் அழகியையும் மேடையேற்றியது அவற்றை வைத்துத்தான். கட்டுகள் இப்போது ஹார்வர்டில் இருக்கின்றன. அவற்றைப் படித்து 1999-ல் பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்கில் செர்கேய் விகாரெவும், 2015-ல் அமெரிக்கன் பாலே தியேட்டரில் அலெக்சேய் ரத்மான்ஸ்கியும் தூங்கும் அழகியை 1890-ஐ ஒட்டிப் புதுப்பித்தார்கள். ரத்மான்ஸ்கியின் ஆட்டத்தில் காலை இடுப்புக்கு மேல் அதிகம் தூக்கவில்லை, பல சுழற்சிகள் விரல் நுனிக்குப் போகாமல் பாதத்தின் முன்பகுதியிலேயே (அரைநுனி) நடந்தன, முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. காதருகே கால் போவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ‘பழையது’ போலவே தெரியவில்லை. எனக்கு அதில் பிடித்தது வேகம். கால் குறைந்த உயரத்துக்குப் போனால் இசை தன் இயல்பான ஓட்டத்தில் ஓடலாம்; இன்றைய வழக்கமான ஆட்டங்களில் நாங்கள் வாசிக்கும் மெதுநடை பெரும்பாலும் உயர்ந்த காலுக்காகக் காத்திருக்கும் மெதுநடைதான். குறிப்புகளிலும் இடைவெளிகள் உண்டு. கால் விவரமாக இருக்கும் இடத்தில் கை பல சமயம் எழுதப்பட்டிருக்காது. அதை நிரப்புவது மீட்பவரின் ஊகம். அது ஊகம் என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

தியாகிலெவைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1909 முதல் 1929-ல் அவர் இறக்கும் வரை ரஷ்ய நடனக்காரர்களையும் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் பிக்காசோ போன்றவர்களையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். 1913 மே 29 அன்று பாரிஸில் நிஜின்ஸ்கி அமைத்த வசந்தத்தின் சடங்கு அரங்கேறியபோது அரங்கில் பெருங்கூச்சல் எழுந்தது, அது உறுதி. அடிதடி எவ்வளவு, யார் யாரை அடித்தார்கள் என்பதெல்லாம் பின்னாளில் ஆளுக்கு ஆள் பெருக்கிச் சொன்னது. அந்த நடனம் பத்துக்கும் குறைவான முறையே ஆடப்பட்டு மறைந்தது. மில்லிசென்ட் ஹாட்சன் ஓவியங்கள், குறிப்புகள், முதியவர்களின் நினைவு எல்லாவற்றையும் பல ஆண்டுகள் திரட்டி 1987-ல் அமெரிக்காவின் ஜாஃப்ரி குழுவுக்காக மீட்டுக் கொடுத்தார். அரச நாடகங்களுக்கு மட்டுமல்ல, நவீனத்துக்கும் இதே மறதிதான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தமிழில் எழுதும்போது சொல்லாமல் விட மனமில்லாத ஒரு தொடர்பு இருக்கிறது. 1838-ல் கடலூர் அருகே திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகளும் நட்டுவாங்கக் கலைஞர்களும் அடங்கிய சிறு குழு ஒன்று பாரிஸ் போய் ஆடியது. ‘பயதேர்’ என்ற இந்தியக் கோயில் நடனப்பெண்ணைக் கற்பனையில் மட்டுமே அறிந்திருந்த நகரம் அது. தக்லியோனியே எட்டு ஆண்டு முன்பு அந்த வேடம் போட்டிருந்தார். அந்தக் குழுவில் அம்மணி என்ற பெயருடைய ஆட்டக்காரரைப் பார்த்து மயங்கி எழுதியவர்களில் பிரெஞ்சுக் கவிஞர் தெயோஃபில் கோத்தியே ஒருவர். மூன்று ஆண்டு கழித்து ஜிசெல் கதையை எழுதியவரும், 1858-ல் சகுந்தலை பாலேக்குக் கதை எழுதியவரும் அவரே. சகுந்தலைக்கு நடனம் அமைத்தவர் மரியுஸ் பெதிபாவின் அண்ணன் லூசியன். 1877-ல் மரியுஸ் பீட்டர்ஸ்பர்க்கில் லா பயதேர் அமைத்தார். அம்மணியிடமிருந்து அதுவரை ஒரு நேர்க்கோடு போடுபவர்கள் உண்டு. இழை இருக்கிறது, நேர்க்கோடு என்று நான் சொல்ல மாட்டேன். லா பயதேரில் சதிரின், அதாவது பரதத்தின் முந்தைய வடிவத்தின், ஓர் அடவுகூட இல்லை. வெள்ளை உடையில் நிழல்களாகப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கி, ஒரு காலில் நின்று மறுகாலைப் பின்னால் நீட்டும் ஒரே அராபெஸ்க்கைத் திரும்பத் திரும்பச் செய்யும் அந்தப் புகழ்பெற்ற காட்சி முழுக்க முழுக்கப் பெதிபாவின் வகுப்பிலிருந்து பிறந்தது. எதிர்த்திசையில் வந்த தொடர்பு பாவ்லோவா. 1928-ல் பம்பாயில் அவருடைய ஆட்டத்தைக் கண்ட ருக்மிணி தேவி, பிறகு கப்பலில் அவரோடு பழகினார், அவர் குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று பாவ்லோவா அவரை ஊக்கினார். இதை வைத்துப் பரதத்தை மீட்டது பாவ்லோவா என்று எழுதுவது பெரும் மிகை. மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றவர்களின் குடும்பங்களில் அந்தக் கலை உயிரோடு இருந்தது. ருக்மிணி தேவி போய்க் கற்றதும் அங்கேதான்.

பிறகு நடந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது நடன அமைப்பாளர் பாலன்ஷீன். பீட்டர்ஸ்பர்க் பள்ளியில் வளர்ந்தவர். 1934-ல் நியூயார்க்கில் முதலில் பள்ளி, பிறகுதான் குழு என்று தொடங்கினார். அதே ஆண்டு மாணவிகளுக்காக அமைத்த செரனேட் என்ற பாலேயில் கதை கிடையாது. அன்றைக்கு வகுப்புக்கு வந்தவர்கள் பதினேழு பேர் என்பதால் தொடக்க அணிவகுப்பு பதினேழு பேருக்கானது. ஒருத்தி தாமதமாக வந்தாள், ஒருத்தி விழுந்தாள், இரண்டையும் நடனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார். காலை வகுப்பு அப்படியே மேடையேறிய தருணம் அது என்று நினைக்கிறேன். யாருக்கு அந்த வகுப்பில் இடம் என்பது மட்டும் வெகு மெதுவாகவே மாறியது. ஆர்தர் மிட்செல் 1969-ல் ஹார்லமில் கறுப்பின நடனக்காரர்களுக்காகப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. அமெரிக்கன் பாலே தியேட்டரில் ஒரு கறுப்பினப் பெண் முதன்மை நடனக்காரராக உயர்ந்தது 2015-ல்தான், மிஸ்டி கோப்லண்ட். பழுப்புத் தோலுக்கு ஏற்ற நிறத்தில் பாயிண்ட் ஷூ லண்டனில் கடையில் கிடைக்கத் தொடங்கியது 2018 வாக்கில். அதுவரை பலர் ஒவ்வொரு ஜோடிக்கும் தாங்களே முகப்பூச்சு தடவி நிறம் ஏற்றினார்கள். உடம்பை மெலிய வைக்கும் வெறியும் இந்தக் கலையோடு சேர்ந்து வந்ததுதான். அதையும் மரபு என்று பாதுகாக்க வேண்டியதில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்வான் லேக்கை முதலில் பார்க்க வேண்டாம்; நீளம் அதிகம், எந்த வடிவம் என்று தெரியாமல் பார்த்தால் குழப்பமும் அதிகம். ராயல் டேனிஷ் பாலேயின் லா சில்ஃபீட் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். ஆண்கள் அலட்டல் இல்லாமல் துள்ளுவதை அதில் கவனியுங்கள். அடுத்து ஜிசெலின் இரண்டாம் அங்கம். பிறகு பாவ்லோவா 1920-களில் ஆடிய சாகும் அன்னத்தின் பழைய படச்சுருள், இணையத்தில் கிடைக்கிறது, சில நிமிடம்தான். கால் எங்கும் உயரவில்லை, கைகளும் முதுகுமே எல்லாவற்றையும் செய்கின்றன. அதன் பின் செரனேட். இவற்றுக்கு நடுவே எப்போது முடிகிறதோ அப்போது ஒரு வகுப்பை முழுதாகப் பாருங்கள். 2014 முதல் உலக பாலே தினம் என்ற பெயரில் பெரிய குழுக்கள் ஆண்டுக்கொருமுறை தங்கள் காலை வகுப்பைக் கட்டணமின்றி நேரலையில் காட்டுகின்றன. லண்டன் ராயல் பாலேயின் பதிவுகள் யூடியூபில் இருக்கின்றன. முதல் அரை மணி நேரம் கம்பிப் பயிற்சி. அலுப்பாகத் தோன்றினாலும் தள்ளிவிட்டு ஓட்டாதீர்கள். ஒரே ஒரு நடனக்காரரைத் தேர்ந்துகொண்டு, அவருடைய தாங்கும் காலை மட்டும் பாருங்கள்.